‘சவுக்கோ?’ – பெருமரங்களின் படங்கள் பற்றிச் சில குறிப்புகள்

1998இல் ஸ்டுட்கார்ட் வில்ஹெல்மா தோட்டத்தில் எடுத்த படமொன்றை யாழ்ப்பாணத்திலிருந்த ஐயாவுக்கு அனுப்பியிருந்தேன். படத்தில் நான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் ஒரு மரம். நூற்றிமுப்பது வயது தாண்டிய மரம், பத்துமாடி உயரம் வரும் என்று கடிதத்தில் விளக்கமும் எழுதியிருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. வீட்டு நிலைமை, கிணற்றுத் தண்ணீர், ஊரில் நடந்த கலியாணம் எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசி வரியில் கேட்டிருந்தார்: ‘உனக்குப் பின்னாலை நிக்கிறது சவுக்கோ?’

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு என்னிடமிருந்த பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஐயா கேட்டதில் பிழையில்லை. படத்தின் முக்கால்வாசியை நான் அடைத்துக்கொண்டு நின்றேன். எனது தோளுக்கு மேலே சிவந்த மரமொன்று கூம்பிக்கொண்டே போய் வெள்ளை வானத்தில் காணாமல் போயிருந்தது. கசூரினாக் கடற்கரையில் எடுத்தது என்று சொன்னாலும் யாரும் நம்பியிருப்பார்கள். மரத்தின் பெருமையை நான் எழுத்தில் சொல்லியிருந்தேன், படம் அதைச் சொல்லவில்லை. ஒரு படத்துக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் இருக்கமுடியாது என்றே இன்றும் எனக்குப் படுகிறது.

உயரத்தை நாங்கள் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. அடியில் நின்று அண்ணாந்து, கழுத்து நோக, ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு பார்க்கிறோம். பார்வை மேலே போய்ச் சேர நேரம் எடுக்கிறது. அந்த நேரமும் அந்த நோவும் சேர்ந்ததுதான் உயரம். கமராவுக்குக் கழுத்தில்லை. அதை மேலே சரித்தால், அருகிலிருக்கும் அடிமரம் பெருத்தும் தூரத்திலிருக்கும் உச்சி சிறுத்தும் பதிவாகும். நேரே நிற்கும் மரம் பின்னுக்குச் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். மரம் முழுவதும் அடங்கவேண்டுமென்று அகலக் கோண லென்சை மாட்டினால் உச்சி இன்னும் சிறுத்து ஓடிவிடும். கட்டடங்களைப் படம்பிடிப்பவர்கள் இதற்காகவே கமராவைச் சரிக்காமல் லென்சை மட்டும் மேலே நகர்த்தும் கருவியைக் கையாளுகிறார்கள். அல்லது எதிரிலுள்ள மேட்டில் ஏறி, மரத்தின் பாதி உயரத்துக்கு வந்து நிற்கலாம். அல்லது நன்றாகத் தள்ளிப்போய்த் தூர லென்சால் எடுக்கலாம். காட்டில் தள்ளிப்போக இடமிராது, பத்தடி பின்னுக்கு வைத்தால் வேறு மரங்கள் மறைத்துவிடும். பெருமரத்தின் பிரச்சினை இதுதான்: கிட்ட நின்றால் முழுவதும் தெரியாது, எட்டப் போனால் அதுவே தெரியாது.

வில்ஹெல்மா மரங்களின் கதையும் தூரத்தின் கதைதான். வூர்ட்டெம்பேர்க் அரசர் முதலாம் வில்ஹெல்ம் 1864இல் கலிபோர்ணியாவிலிருந்து இந்த மரத்தின் விதைகளை வருவித்தார். அவை வில்ஹெல்மாவில் முளைக்கவைக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான கன்றுகள் இந்த மாநிலக் காடுகளுக்குப் பிரித்தனுப்பப்பட்டன. ‘வில்ஹெல்மா விதைப்பு’ என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அரசர் ஒரு கன்றைக்கூடக் காணவில்லை. 1864 ஜூன் 25இல் அவர் இறந்துபோனார். ஐந்து நாள் கழித்து, ஜூன் 30இல், லிங்கன் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கையும் மரிப்போசா மரத்தோப்பையும் மக்களுக்கென ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். லிங்கன் அந்தத் தோப்புக்குப் போனதேயில்லை. கிழக்குக் கரையிலிருந்தவர்கள் அந்த இடத்தை அறிந்ததில் கார்ல்ட்டன் வொட்கின்சின் புகைப்படங்களுக்குப் பெரும் பங்குண்டு என்பது புகைப்பட வரலாற்றில் திரும்பத்திரும்பச் சொல்லப்படுவது.

வொட்கின்ஸ் 1861இல், ஏறத்தாழப் 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தட்டுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனவர். ‘கிரிஸ்லி ஜயன்ற்’ என்ற மரத்தின் அடியில் கேலன் கிளார்க் என்ற மனிதர் நிற்கும் அவரது படம் புகழ்பெற்றது. துப்பாக்கி பிடித்த அந்த மனிதர் மரத்தின் ஒரு வேர்மடிப்புக்குள் அடங்கிப்போகிறார். அற்புதமான படம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது சொல்வது பருமனை, உயரத்தை அல்ல. பார்ப்பவருக்கு ‘எவ்வளவு மொத்தம்’ என்றுதான் வாயில் வருகிறது. பருமனுக்கு மனிதன் நல்ல அளவுகோல். நெடுந்தீவிலும் மன்னார்ப் பள்ளிமுனையிலும் நிற்கும் பெருக்கமரங்களை எங்கள் சனம் படமெடுப்பதும் இப்படித்தான். நாலைந்து பேர் கைகோத்துச் சுற்றி நிற்பார்கள், பார்த்தவுடன் விளங்கிவிடும். பெருக்கமரம் அகலத்தால் பெரியது, மனிதக் கைக்கு எட்டும் பெருமை அது. உயரம் அப்படியில்லை. எழுபது மீற்றர் மரத்தின் அடியில் ஒரு மனிதனை நிறுத்தினால் அவன் மரத்தின் நாற்பதில் ஒரு பங்கு. அந்த நாற்பதைக் கண் எண்ணுவதில்லை. இரண்டு மூன்று மடங்குவரை எண்ணிவிட்டு ‘பெரிசு’ என்று கைவிட்டுவிடுகிறது.

படங்கள் வருமுன்னர் இந்தப் பிரச்சினையை வேறுவிதமாகத் தீர்த்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ‘காட்டின் தாய்’ என்று பெயரிடப்பட்ட மரமொன்றின் பட்டையை 1854இல் 116 அடி உயரம்வரை உரித்தெடுத்தார்கள். பட்டைத் துண்டுகளை நியூயோர்க்கிலும் பிறகு இலண்டன் கிரிஸ்டல் பலஸ் மண்டபத்திலும் மரவடிவாகவே பொருத்திக் காட்டினார்கள். சனம் காசு கொடுத்து உள்ளே போய் அண்ணாந்து பார்த்தது. 1866இல் மண்டபத்தில் பிடித்த தீயில் பட்டை எரிந்தது. உரிக்கப்பட்ட மரம் கலிபோர்ணியாவில் நின்றபடியே செத்தது. தூரத்திலிருப்பவனுக்கு உயரத்தை உள்ளபடி காட்டிய ஒரே முயற்சி அதுதான், அதற்கு மரத்தின் உயிரே விலையானது. இதை நினைத்தால் புகைப்படத்தின் தோல்வி எவ்வளவோ மேலானது.

அந்தத் தோல்வியை வென்றவர் என்று கொண்டாடப்படுபவர் மைக்கல் நிக்கல்ஸ். 2009 ஒக்ரோபர் ‘நேஷனல் ஜியோகிரபிக்’ இதழில் மடித்து வைக்கப்பட்டு வெளிவந்த அவரது செம்மரப் படத்தை வாசகர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். முந்நூறு அடி மரம். மூன்று கமராக்களை ஒரு சட்டத்தில் பூட்டிக் கயிற்றில் தொங்கவிட்டு, மேலிருந்து கீழாக எடுத்த 84 படங்களைப் பொருத்தி ஒன்றாக்கியது. 2012 டிசம்பர் இதழில் ‘பிரெசிடென்ற்’ என்ற 247 அடி மரத்தை, பனி மூடிய நிலையில், 126 படங்களால் செய்தார். கமரா எந்த இடத்திலும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு உயரத்திலும் அந்த உயரத்துக்கு நேரே நின்று பார்த்தது. ஆகவே உச்சி சிறுக்கவில்லை, அடி பெருக்கவில்லை, மரம் சாயவில்லை.

இந்தப் படங்களின் உண்மையான சாதனை தொழில்நுட்பமல்ல என்பது எனது எண்ணம். மரத்தில் ஏறியவர்களை அவர் வைத்திருக்கும் இடந்தான் சாதனை. அடியில் மட்டுமன்றி, நடுவிலும் மேலேயும் நிறச்சட்டையோடு மனிதர்கள் சிறு புள்ளிகளாய்த் தெரிகிறார்கள். கண் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, அடுத்ததைத் தேடி, மேலே ஏறிப்போகிறது. அப்படி ஏற நேரம் எடுக்கிறது. வொட்கின்ஸ் தராத அந்த நேரத்தை நிக்கல்ஸ் தந்துவிடுகிறார்.

ஆனாலும் குறை இருக்கிறது. அந்த மரத்தை அப்படி எந்த மனிதனும் கண்டதில்லை. 84 இடங்களில் ஒரே நேரத்தில் நிற்கும் கண் ஒன்றிருந்தால் அது காணும் காட்சி அது. வேரும் உச்சியும் ஒரே தெளிவோடு கிடைக்கின்றன. மரத்தின் கீழ் நிற்பவனுக்கு உச்சி தெரியாமற் போவது குறைபாடல்ல, அவனுடைய அனுபவத்தின் பாதியே அதுதான். நிக்கல்சின் படம் மரத்தின் அளவைச் சரியாகச் சொல்கிறது, அதன் கீழ் நாங்கள் சிறுத்துப்போவதைச் சொல்லவில்லை. ஒரு பொறியியலாளரின் வரைபடத்தின் அமைதி அதிலுண்டு. அமைதியைக் குறையென்று சொல்வது சிலருக்கு அநியாயமாகத் தோன்றலாம். எனக்கு அந்தப் படத்தின் முன் கழுத்து நோவதில்லை, அவ்வளவுதான்.

படம் வென்றுவிட்டால் அதற்கும் ஒரு விலையுண்டு. 2006இல் கண்டறியப்பட்ட ‘ஹைபீரியன்’ 116 மீற்றர் வரும், உலகில் அறியப்பட்ட மரங்களில் மிக உயர்ந்தது. எங்கள் ஸ்டுட்கார்ட் தொலைக்காட்சிக் கோபுரத்தில் பாதிக்கும் மேல். அதன் முன் நின்று படமெடுக்க வந்தவர்கள் மிதித்து மிதித்து அடிநிலம் கெட்டுப்போனதால், 2022இல் அந்தப் பகுதியைப் பூங்கா நிர்வாகம் மூடிவிட்டது. அடியில் நின்றால் உச்சி தெரியாத மரம் அது. வந்தவர்கள் எடுத்துப்போனது உயரத்தை அல்ல, தங்களை.

அதே காரியத்தைத்தான் நானும் 1998இல் செய்தேன். நாங்கள் ஊருக்கு அனுப்பிய படங்களை நினைத்துப் பாருங்கள். கோபுரத்துக்கு முன்னால் நான், பனிக்கு நடுவில் நான், யாரோ ஒருவருடைய காருக்குப் பக்கத்தில் நான். பின்னாலிருப்பது எதுவாயினும் அது எங்கள் இருப்புக்குச் சாட்சி சொல்ல நிறுத்தப்பட்டது. இங்கே நன்றாக இருக்கிறோம் என்று சொல்ல எங்களுக்கு ஒரு பெரிய பொருள் தேவையாயிருந்தது. பொருளின் பெருமை எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எண்ணினோம். பார்ப்பவர்களிடம் அந்தப் பொருளை அளக்க ஏதாவது இருக்கிறதா என்று நாங்கள் யோசிக்கவில்லை.

அளவுகோல் படத்துக்குள் இருந்தால் மட்டும் போதாது, பார்ப்பவனின் மனத்திலும் இருக்கவேண்டும். ஐயாவிடம் இருந்தது பனை. சிறியதற்குத் தினையும் பெரியதற்குப் பனையும் வள்ளுவர் காலத்திலிருந்தே எங்கள் அளவைகள். பனை படத்துக்கு இலகுவான மரம். வெட்டவெளியில் தனித்து நிற்கும், கிளையில்லை, தலை வானத்தில் துலக்கமாய்த் தெரியும். 2002இல் கண்டிவீதி திறந்தபோது, முகமாலை, பளைப் பக்கம் ஷெல்லடியில் தலையிழந்து நின்ற பனைகளை எத்தனையோ பேர் படமெடுத்து வந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் ஒன்று விளங்கும். தலை போனவுடன் பனையின் உயரமும் போய்விடுகிறது. அவை பனையாகத் தெரியவில்லை, எவ்வளவு உயரமென்று சொல்லமுடியாத கம்பங்களாகவே தெரிந்தன. உயரம் முடியும் இடத்தில் ஓர் உயிர் இருந்தால்தான் அது உயரம்.

எனது படத்திலும் தலை இல்லை, வெள்ளை வானம் அதைத் தின்றிருந்தது. ஐயாவின் கேள்வி வந்த அடுத்த மாரியில் மறுபடி வில்ஹெல்மாவுக்குப் போனேன். இலையுதிர் மரங்கள் மொட்டையாய் நிற்க, இவை மட்டும் பச்சையாய்த் தனித்துத் தெரிந்தன. மேல்தட்டுக்கு ஏறி, தள்ளி நின்று, கமராவைச் சரிக்காமல் எடுத்தேன். படத்தில் நானில்லை. அடியில் சருகு கூட்டும் ஒரு தொழிலாளி, முகம் தெரியாத அளவுக்குச் சிறிதாக. உச்சி முழுவதும் உள்ளே. வொட்கின்சையோ நிக்கல்சையோ அதன் அருகில் வைக்க வெட்கமாயிருக்கும், கொஞ்சம் மங்கலும்கூட. பின்பக்கத்தில் ‘ஏறத்தாழ இரண்டு பனை’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

ஐயாவின் பதிலில் இந்த முறை மரம் முதல் வரிக்கு வந்திருந்தது. ‘உதைத் தறிச்சால் எத்தினை சிலாகை வரும்?’

அவர் அடியிலிருந்து நுனிவரை அளந்துவிட்டார் என்று விளங்கியது. அந்த மரம் முறுகியது, கலிபோர்ணியாவில் தறித்தபோது விழுந்த வேகத்திலேயே பல மரங்கள் சிதறிப்போயின, சிலாகைக்கு உதவாது என்று பதில் எழுதினேன்.