கையைக் கடிக்காத நுரை

ஷாம்பெயின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஸ்பெயினின் நுரைக்கும் ஒயினான காவா கையைக் கடிக்காது. பெரும்பாலும் பார்சிலோனாவை அடுத்த பெனடேஸ் வட்டாரத்துச் சரக்கு. 1872-இல் ஒயின் தயாரிப்பாளர் ஜோசெப் ரவென்டோஸ் அங்கே பிரெஞ்சு முறையைக் கைக்கொண்டார்: இரண்டாவது நொதிப்பு புட்டிக்குள்ளேயேதான். ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது 9 மாதம் கிடக்க வேண்டும், ஷாம்பெயினுக்கு 12. காவா லேபிளில் ‘ரிசர்வா’ என்றிருந்தால் 18. கூடக் கொஞ்சம் கொடுக்கலாம், தப்பில்லை. ‘புரூட் நேச்சர்’ என்றால் சர்க்கரை சேர்க்காதது. என் ஓட்டு அதற்குத்தான்.

நன்றாகக் குளிரவைத்து ஊற்றினால் பொடிப்பொடிக் குமிழிகள் கோடு பிடித்து மேலேறும். முதலில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல். பின்னாலேயே லேசாக ரொட்டி வாசனை. கடித்துக்கொள்ள உப்புப் போட்டு வறுத்த பாதாம் போதும். இனிப்போடு மட்டும் வேண்டாம், வெறும் புளிப்புத்தான் நாக்கில் நிற்கும்.