பாடியவர் பெயர் எங்கே?

பட்டியல் என்கிற சொல் நமக்குப் புதிதல்ல. நாம் பட்டியல் சாதி. கல்வராயன் மலையில் இருப்பவர்கள் பட்டியல் பழங்குடி. பட்டியலில் பேர் இருந்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் படிப்பு, வேலை. ஆகவே நூலகப் பட்டியல் என்பது நூலகர்களின் தொழில் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அங்கேயும் யார் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று யாரோ முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சி பற்றி ஆராய வரும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்த மாவட்டம் உருவானது 2019இல். அதற்கு முன், 1993 முதல், விழுப்புரம். அதற்கும் முன் தென் ஆற்காடு. டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய 1906ஆம் ஆண்டுத் தென் ஆற்காடு கெசட்டியரைத் தேட வேண்டும். மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் இருப்பதால் ரிச்சர்ட்ஸின் 1918ஆம் ஆண்டு சேலம் கெசட்டியரும் வேண்டும். அவற்றில் மலையின் பெயர் 'கல்ராயன்'. 'மலையாளி' என்று தேடினால் கேரளத்து நூல்கள்தான் வந்து குவியும். தமிழ் பேசும் மலைமக்கள் அதற்கடியில் எங்கோ கிடப்பார்கள். இந்த முடிச்சுகளை அவிழ்த்துக் காட்டுவதுதான் வழிகாட்டி நூலின் வேலை. இது வெறும் படிப்பு விஷயமும் அல்ல. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பட்டியல், மலையாளிகளைத் தென் ஆற்காடு, சேலம் என்று மாவட்டப் பெயர் சொல்லித்தான் பழங்குடியாக ஏற்கிறது. பழைய பெயர் தெரியாதவனுக்கு உரிமையும் தெரியாமல் போகும்.

சரி, தேடிக் கண்டுபிடித்தாயிற்று. அங்கே நாம் என்னவாக இருக்கிறோம்? ஜாகிர், காடு, நிலவரி, சாராயம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் பலர் தலித்துகள். அதன் பிறகுதான் கல்வராயன் மலைமக்களின் நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. செத்தால்தான் நமக்கு ஒரு தலைப்பு கிடைக்கிறது.

உலகெங்கும் நூலகங்களில் புழங்கும் டூயி பகுப்பு முறை 1876இல் வந்தது. அதில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. நாட்டார் வழக்காறுகளுக்கு 398. பேராசிரியர் எழுதிய கவிதை இலக்கியம். நம்ம ஆயா பாடிய ஒப்பாரி வழக்காறு. எண் என்பது புத்தகம் இருக்கும் இடத்தைக் காட்டத்தானே என்பார்கள். ஊரும் சேரியும் கூட இடம்தான்.

ஒலிநாடா, ஒளிநாடா விஷயத்தில் அநியாயம் இன்னும் கூடுதல். பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனவர் தொகுப்பாசிரியர் ஆகிறார்; ஆசிரியர் பெயருக்கான இடத்தில் அவர் பெயர் ஏறுகிறது. பாடினவங்க யாரு, எந்த ஊரு, எந்தச் சாவுக்குப் பாடினாங்க? 'மலைவாழ் பெண்' என்றோ 'தகவலாளி' என்றோ முடித்துவிடுகிறார்கள். பாட்டு உள்ளே இருக்கிறது. பாடியவர் வாசலிலேயே நிற்கிறார்.

இதற்காகப் பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜான் மர்டாக் என்கிற பாதிரியார் 1865இல் அச்சான தமிழ் நூல்களுக்கு வகைவாரியாக ஒரு பட்டியல் போட்டார். 1867ஆம் ஆண்டுச் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு நூலையும் எத்தனை பிரதி, என்ன விலை என்பது வரை பதியச் சொன்னது. வெள்ளைக்காரன் கண்காணிக்கத்தான் எழுதி வைத்தான். ஆனாலும் எழுதி வைத்ததால்தான் இன்று நாம் தேட முடிகிறது. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழ'னை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் பண்டிதரின் எழுத்துகளைத் தொகுத்த பிறகுதான் பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டன.

ஆகவே வேலை நம்முடையது. இயக்கத் தோழர்கள் துண்டறிக்கையைக் கூடக் கிழித்துப் போடாமல் தேதி குறித்து வையுங்கள். வீட்டில் கிடக்கும் ஒலிநாடாக்களைக் கேட்டு எழுதுங்கள்: பாடியவர், ஊர், சந்தர்ப்பம், அடித்த கருவி, பதிந்தவர், வெளியே கொடுக்கப் பாடியவர் சம்மதித்தாரா என்பது. ஆசிரியர் என்கிற இடத்தில் பாடியவர் பெயரைப் போடுங்கள். பதிந்தவர் பெயர் அதற்குக் கீழே வரட்டும்.