படியும் பரப்பு: எஸ்எஃப் கணக்கை எதுவரை நம்பலாம்?

இரண்டு பலகோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு படிகின்றன என்று ஆர் மொழியில் கணக்கிட, இன்று பலரும் நாடுவது எட்சர் பெபெஸ்மாவின் எஸ்எஃப் தொகுப்பை. முன்பு இந்த வேலையைச் செய்த ஆர்ஜியோஸ் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. எஸ்டி_இன்டர்செக்‌ஷன் என்ற எஸ்எஃப் செயல்கூறு பொதுப்பகுதியை வெட்டித் தரும். எஸ்டி_ஏரியா அதை அளக்கும். முழுப் பரப்பால் வகுத்தால் விகிதம். ஆனால் எண் வந்துவிட்டதாலேயே அது சரியாகிவிடாது.

தொகுப்போடு வரும் வட கரோலைனா வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் 100 கவுன்டிகள். இணைய வரைபடங்களுக்கான வெப் மெர்கேட்டர் வீழலுக்கு மாற்றி அளந்தால், சுமார் 35.5 டிகிரி அட்சரேகையில் இருக்கும் அந்த மாநிலத்தின் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக வீங்கிவிடும். விகிதத்தில் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே வீக்கம் இருப்பதால் பிழை கண்ணில் படாது. விகிதத்தை மட்டும் வெளியிடும் ஆய்வுகளை நான் ஐயத்தோடு வாசிப்பது இதனால்தான்.

2021இல் வந்த எஸ்எஃப் 1.0 பதிப்பு முதல், அட்ச தீர்க்க ரேகைத் தரவுகளை எஸ்2 நூலகம் கோளத்தின் மேல் வைத்துக் கணக்கிடுகிறது. தன்னையே வெட்டிக்கொள்ளும் எல்லைக்கோடு கிடைத்தால் அது வேலையை நிறுத்திவிடும். உடனே எஸ்2வை அணைத்துவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. இது தவறு. பழுது பலகோணத்தில் இருக்கிறது. எஸ்டி_மேக்_வேலிட் கொண்டு அதைச் சரிசெய்வதே முறை. எஸ்2வும் குறையற்றதல்ல. அமெரிக்க–கனடா எல்லையின் மேற்குப் பகுதி 49ஆவது அட்சரேகையை ஒட்டி ஓடுகிறது. அங்கே தொலைவில் உள்ள இரு முனைகளை மட்டும் கொடுத்தால், எஸ்2 அவற்றைப் பெருவட்ட வில்லால் இணைத்து எல்லையை வடக்கே வளைத்துவிடும். இடையில் புள்ளிகளைச் சேர்ப்பது நம் பொறுப்பு.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. பரப்பிலிருந்து மனிதர்களுக்குத் தாவும்போதுதான் எனக்குக் கவலை. வட கரோலைனா தரவில் பிறப்புகளும் திடீர்ச் சிசு மரணங்களும் கவுன்டிவாரியாக உள்ளன. ஒரு வெள்ளப்பகுதி மெக்லன்பர்க் கவுன்டியில் பாதியை மூடினால், எண்ணிக்கையைப் பரப்பின் விகிதத்தில் பங்கிடும் எஸ்டி_இன்டர்போலேட்_ஏடபிள்யூ பிறப்புகளிலும் பாதியைக் கொடுக்கும். மக்கள் கவுன்டி முழுவதும் சீராகப் பரவியிருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஷார்லட் நகரம் அங்கேதான் இருக்கிறது. மூடியது நகரத்தையா, வயலையா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. பண்புகள் எங்கும் ஒரேமாதிரி என்று கருதப்படுவதாக எஸ்எஃப் எச்சரிக்கவும் செய்கிறது. அந்த எச்சரிக்கையின் வாயை அடைத்துவிட்டுத் தொடர்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த எண்ணை நம்பித்தான் நிவாரணம் பங்கிடப்படும்.

என் தீர்ப்பு இது. நிலப்பரப்புக்கு எஸ்எஃப் நம்பகமான கருவி. மக்கள்தொகைக்கு, குடியிருப்பு எங்கே அடர்ந்திருக்கிறது என்ற தரவைச் சேர்க்காதவரை, அதன் விடை வெறும் ஊகம். விகிதத்தை அச்சிடுபவர்கள் பரப்பையும், அளந்த ஆயத்தொலை முறையையும் கூடவே எழுதட்டும்.