கையொப்பமும் பிடியரிசியும்

நாடு கடந்து பல்கலைக்கழகங்கள் செய்துகொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களை எடைபோட நாம் ஒரே கேள்வியை எழுப்ப விரும்புகிறோம்: மாணவரின் வழிச்செலவை யார் தருகிறார்?

சிவகாசிக்கு இக்கேள்வி புதிதன்று. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அப்பயணத்திலிருந்தே தீப்பெட்டியும், அதன் வழியே பட்டாசும் அச்சும் இவ்வூரில் வேரூன்றின. 1984இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி, உலோகத்தூள் தொழிலின் உள்ளூர் நிறுவனத்தோடு ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் பெயரையும் தாங்கி நிற்கிறது. அயல்நாட்டு உறவு இம்மண்ணுக்குப் பழக்கமானதுதான். ஆயினும் அவ்வுறவின் பயன் பட்டாசுத் தொழிலாளியின் மகளுக்கு எட்டுகிறதா என்பதே நம் கவலை.

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் இணைப்புப் படிப்பு, கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்தது. தேசியத் தர மதிப்பீட்டில் 3.01 புள்ளி பெற்ற இந்திய நிறுவனங்களும், உலகத் தரவரிசையில் முதல் ஆயிரத்துள் வரும் அயல்நாட்டு நிறுவனங்களும் அவற்றின்படி கைகோக்கலாம். நிறுவனங்களின் தகுதியை இவ்வளவு நுணுக்கமாக அளந்த விதிகள், மாணவரின் பயணத்துக்கென நிதி எதையும் ஒதுக்கவில்லை. பரிமாற்ற ஒப்பந்தங்களில் பொதுவாக விலக்கப்படுவது கற்பிப்புக் கட்டணம் மட்டுமே. விமானக் கட்டணம், விசா, காப்பீடு, தங்குமிடம், உணவு ஆகிய அனைத்தும் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. அன்றாடக் கூலியில் வாழும் இல்லத்துக்கு அக்கட்டண விலக்கு, கரை தெரிந்தும் ஓடம் இல்லாத நிலையே ஆகும்.

அரசின் உதவிகளையும் பார்ப்போம். சிறுபான்மை மாணவர்களின் அயல்நாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த ‘படோ பர்தேஷ்’ திட்டத்தை ஒன்றிய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. இருந்த காலத்திலும் அது கடனுக்குத் துணைபுரிந்ததே. வங்கியில் கடன் பெற வழியற்றவருக்கு வட்டிச் சலுகையால் பயனில்லை. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவர்களுக்கு நேரடியாக உதவித்தொகை வழங்குவது பாராட்டத்தக்கது. ஆனால் அது முழுப் பட்டத்துக்கானது. ஒரு பருவம் மட்டும் அயல்நாட்டில் பயிலும் மாணவருக்கு அதில் இடமில்லை.

இதற்கு மாற்று உண்டு. ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் பரிமாற்றத்தோடு உதவித்தொகையையும் இணைத்தே வளர்ந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கெய்ரோவின் அல்-அஸ்ஹர், மக்ரிப், சிரியா முதலிய நாடுகளின் மாணவர்களுக்குத் தனித்தனி ‘ரிவாக்’ எனும் உறைவிடங்களை அமைத்திருந்தது. வக்ஃபு வருவாயிலிருந்து அவர்களுக்கு நாள்தோறும் ரொட்டி அளக்கப்பட்டது. அந்த ரொட்டியே அங்கு ஒப்பந்தமாக விளங்கியது எனலாம்.

விருதுநகரும் இவ்வறத்தை அறியும். வணிகர்கள் தம் சரக்கின் மீது தாமே விதித்துக்கொண்ட மகமையும், வீடுதோறும் திரட்டிய பிடியரிசியும் சத்திரிய வித்தியாசாலையைத் தாங்கின. காமராசர் பயின்ற பள்ளி அது. கொடுத்தவர்களில் பெருஞ்செல்வரும் இருந்தனர். ஒரு பிடிக்கு மேல் இயலாதவரும் இருந்தனர்.

‘உள்ளூர்க் கல்வியே தடுமாறுகையில் அயல்நாடு எதற்கு?’ என்று கேட்பார் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் 2018இல் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்த பின், இவ்வட்டாரத்தின் பிழைப்பே வேதியியல் ஆய்வை நம்பி நிற்கிறது. மாசும் விபத்தும் குறைந்த வெடிபொருளைக் கற்க உலகின் ஆய்வுக்கூடங்களுக்குச் செல்ல வேண்டியவர், அம்மருந்தைக் கையால் தொட்டு உழைப்போரின் பிள்ளைகள் அல்லவா? அன்று கல்கத்தாவுக்கு இருவர் சென்றனர். ஓர் ஊர் பிழைத்தது.

ஆகவே நாம் வேண்டுவது இது: ஒவ்வொரு கல்லூரியும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நாளிலேயே, எத்தனை ஏழை மாணவரின் வழிச்செலவுக்கு நிதி ஒதுக்கியுள்ளது என்பதையும் அறிவிக்கட்டும். பட்டாசு, அச்சு, தீப்பெட்டித் தொழிலதிபர்கள் பழைய மகமையை இதற்கெனப் புதுப்பிக்கட்டும். வக்ஃபுகளும் தம் பங்கை எண்ணிப் பார்க்கட்டும். இத்தனை காலம் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் கொண்டு பெருமை பேசினோம். இனிச் சென்று திரும்பிய பிள்ளைகளை எண்ணுவோம்.