எட்டாம் நம்பர் சட்டை

நவம்பர் 15, சனிக்கிழமை காலை. கார்த்திகை பிறக்க இன்னும் இரண்டு நாள். கிரிவலப் பாதையில் நாங்கள் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் அந்த நேரத்துக்கு தீபக் கூட்டம், பஸ், பார்க்கிங் என்றுதான் பேச்சு ஓடும். அன்றைக்கு மாஸ்டர் உட்பட எல்லார் கையிலும் போன். ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனைச் சென்னை எடுத்துக்கொண்டது. சில நாட்களாகக் கசிந்துகொண்டிருந்த செய்திதான். அன்று காலை உறுதியாகிவிட்டது.

"துரோகம்ணே இது" என்றான் பக்கத்தில் இருந்த பையன். மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே, "முப்பத்தேழு ஆவப்போவுது. இன்னும் எத்தினி வருஷம் வெச்சிருப்பாங்க?" என்றார். இன்னொருத்தர் 18 கோடி, 14 கோடி, 2.4 கோடி என்று கணக்குப் போட ஆரம்பித்தார். அவர் சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறார், ட்யூ பாக்கி. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் அவர்தான் சென்னை சூப்பர் கிங்ஸின் நிதி அதிகாரி.

என்னோடு அக்கா பையன் வந்திருந்தான். பத்தாவது படிக்கிறான். சட்டைக்கு உள்ளே மஞ்சள் ஜெர்சி, முதுகில் 8. யாரிடமும் எதுவும் பேசாமல் பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தவன், வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டான்: "மாமா, இந்தச் சட்டைய இப்ப இன்னா பண்றது?"

அவனுக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கிரிக்கெட்டாகவே பேசிவிடுவோம், ஏனென்றால் இந்த ஒரு மாதமாக நான் கேட்ட கருத்துகளில் பாதிக்கு மேல் அதை ஓரமாக வைத்துவிட்டு அழுகிறவைதான். 2025 சீசனில் சென்னை பத்தாவது இடம். ஐபிஎல் தொடங்கியதிலிருந்து கடைசி இடத்துக்கு வந்ததே அதுதான் முதல் முறை. சேப்பாக்கத்தில் ஆடிய 6 ஆட்டங்களில் 5 தோல்வி. எதிரணிகள் பயந்துகொண்டு வந்து இறங்கிய மைதானம் அது. அப்படி ஒரு வருஷத்துக்குப் பிறகு அணியைக் கலைக்காமல் இருந்திருந்தால் அதற்கும் திட்டியிருப்போம். சஞ்சுவுக்கு இப்போதுதான் 31. கீப்பர், தொடக்க ஆட்டக்காரர், 2021 முதல் ராஜஸ்தானின் கேப்டன், 2022இல் அந்த அணியை இறுதிப்போட்டி வரை கொண்டுபோனவர். தோனிக்குப் பிறகு ஸ்டம்புக்குப் பின்னால் யார் என்ற கேள்வியை எத்தனை வருஷம்தான் தள்ளிப்போட முடியும்? ஜடேஜாவுக்குச் சஞ்சு என்றால் நியாயமான மாற்று என்பேன். மேலே கரனையும் சேர்த்துக் கொடுத்ததுதான் கொஞ்சம் கூடுதல் விலை. 2.4 கோடிக்கு அப்படி ஒரு இடதுகை ஆல்ரவுண்டர் இனி எங்கே கிடைப்பார்?

என்னைக் கேட்டால் அந்த வாரத்தின் பெரிய தவறு மதீஷ பதிரனாவை விட்டதுதான். 13 கோடிக்குக் கையில் இருந்தவரை விடுவித்தார்கள். டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்தது. அதைப் பற்றி எங்கள் கடையில் ஐந்து நிமிஷம்கூடப் பேச்சு இல்லை. அதே பட்டியலில் விடுவிக்கப்பட்ட நம்ம ஊர்ப் பையன் ஆந்த்ரே சித்தார்த்துக்காகவும், விஜய் சங்கருக்காகவும் ஒருத்தரும் டீயை ஆறவிடவில்லை. 'சென்னை' என்ற பெயருள்ள அணியில் தமிழ்நாட்டுக்காக ஆடுகிறவர்களை எண்ண ஒரு கையே அதிகம். அதில் நமக்கு வருத்தமும் கிடையாது. ஆக, மண் மேல் இருக்கும் பாசம் என்று இதைச் சொல்ல முடியாது. பின்னே எதன் மேல் பாசம்?

ஜடேஜாவின் கதையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். 2008இல் ஷேன் வார்னின் தலைமையில் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில் பத்தொன்பது வயதுப் பையனாக இருந்தார். அடுத்து 2010. ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு தானே நேரடியாகப் பேசினார் என்று அந்த சீசன் முழுவதும் அவருக்குத் தடை. வயது 21. ஒரு வருஷம் ஆட்டமே இல்லாமல் உட்கார்ந்தார். அப்புறம் கொச்சி, பிறகு 2012 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குச் சென்னை. இடையில் சென்னை தடையில் இருந்த இரண்டு வருஷம் போக, மஞ்சள் சட்டையில் 12 சீசன். இந்த அணிக்காக ஐபிஎல்லில் அதிக விக்கெட் எடுத்தவர் அவர்தான். இப்போது அதே ராஜஸ்தான். 18 கோடி சம்பளம் 14 கோடியாகக் குறைந்தது.

இடம் மாற வேண்டும் என்று அவராகக் கேட்டபோது அது குற்றம். அணிகள் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ளும்போது அதற்குப் பெயர் 'ட்ரேட்'. வீரரின் சம்மதம் இல்லாமல் ட்ரேட் நடக்காது என்று விதி இருக்கிறது. சரி. ஆனால் வேண்டாம் என்று முடிவெடுத்த வீட்டில் "நான் போக மாட்டேன்" என்று எவ்வளவு பேர் உட்கார்ந்திருப்பார்கள்? இதை விட்டுவிட்டு, அவர் ஓட்டு எடுத்தார், இவர் முதுகில் குத்தினார் என்று ஆளுக்கொரு யூடியூப் தலைப்பு.

வெளியே இதெல்லாம் பழைய கதை. ஐஸ் ஹாக்கியில் வெய்ன் கிரெட்ஸ்கி என்றால் நமக்கு சச்சின் மாதிரி. எட்மன்டன் ஆய்லர்ஸ் அணிக்கு நான்கு முறை ஸ்டான்லி கோப்பை வாங்கிக் கொடுத்தவர். நான்காவது கோப்பை வந்த அதே வருஷம், 1988 ஆகஸ்ட் 9 அன்று, அவரை லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து அழுதார். உரிமையாளரின் கொடும்பாவியை ரசிகர்கள் எரித்தார்கள். இந்த மாற்றத்தை அரசாங்கம் தடுக்க வேண்டும் என்று கனடா எம்.பி. ஒருவரே கேட்டார். ஒரு ஆட்டக்காரனைத் தேசச் சொத்து மாதிரி நினைத்திருக்கிறார்கள். அப்புறம் நடந்தது வேடிக்கை: எட்மன்டன் 1990இல் அவர் இல்லாமலேயே இன்னொரு கோப்பை வென்றது. அவர் லாஸ் ஏஞ்சலஸில் ஒன்றுகூட வெல்லவில்லை. எட்மன்டன்காரர்களுக்கு அதற்குப் பிறகும் அந்தக் கோபம் தீரவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அவர்கள் கோப்பைக் கணக்கு பார்த்துக் கோபப்படவில்லை.

எட்மன்டன்காரர்களுக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை இருந்தது. நமக்கு இருக்கிறதா?

2024 ஏப்ரல் 8, சேப்பாக்கம், கொல்கத்தாவோடு ஆட்டம். அன்றைக்கு ஜடேஜா 18 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்திருந்தார். ஆட்ட நாயகனும் அவர்தான். சென்னை ஜெயிக்க 3 ரன் இருக்கும்போது சிவம் துபே அவுட். ஜடேஜா கால்காப்பு கட்டி, மட்டையோடு படியிறங்கி இரண்டு எட்டு வைத்தார். மைதானம் பொசுக்கென்று அடங்கியது. உடனே சிரித்தபடி திரும்பிப் போய்விட்டார். பின்னாலிருந்து தோனி வந்தார். அந்தச் சத்தத்தில் ஆண்ட்ரே ரஸ்ஸல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சந்தோஷமான காட்சி என்று லட்சக்கணக்கில் பகிரப்பட்டது. நானும் பகிர்ந்தேன். வீட்டு டிவி முன்னால் நானும் அக்கா பையனும் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்தக் காட்சியை இந்த நவம்பரில் மறுபடி போட்டுப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தான் வந்தால் இந்த முப்பதாயிரம் பேருக்கும் ஏமாற்றம் என்று தெரிந்த ஒரு ஆள், அதையே விளையாட்டாக்கி நடித்துக் காட்டுகிறார். அதற்கு முந்தைய வருஷமே ஒரு ஆட்டம் முடிந்து சிரித்துக்கொண்டு சொன்னார்: நான் மேலே இறங்கினால் நான் எப்போது அவுட் ஆவேன் என்று காத்திருப்பார்கள். விளையாட்டாகச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டோம். சொந்த அணியின் விக்கெட் விழும்போது எழுந்து நின்று ஆரவாரம் செய்த கூட்டத்தை உலகத்தில் வேறு எங்கே பார்ப்பீர்கள்? அதைப் பாசம் என்றோம். தோனி மேல் இருந்தது பாசம்தான். மறுமுனையில் தலையைக் குனிந்துகொண்டு நடந்து போனவர் மேல் இருந்தது என்ன?

அதே மனுஷர்தான் 2023 இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும் என்றபோது மோஹித் சர்மாவை ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்தார். அன்று தோனி முதல் பந்திலேயே அவுட் ஆகியிருந்தார் என்பதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம்? நம் நினைவில் நிற்பது தோனி ஜடேஜாவைத் தூக்கிய படம். தூக்கியவரின் முகத்தைத்தான் முதலில் பார்ப்போம். 2022இல் சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது கேப்டன் பதவியைக் கையில் கொடுத்து, 8 ஆட்டத்தில் 6 தோற்றதும் அது திரும்பிப் போனதே, அப்போதும் 'தலைவன் திரும்பி வந்துட்டான்' என்று பட்டாசு வெடித்தோம்.

நிர்வாகம் என்பது கணக்கு பார்க்கிற இடம். எந்த முகத்துக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? 18 கோடி வாங்கும் ஒருவரை விட்டால் ரசிகர்கள் எத்தனை நாள் கொதிப்பார்கள் என்பதை அவர்களுக்கு நாமேதான் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். கையெழுத்துப் போட்டது அவர்கள். மை நம்முடையது.

'ஏலமாம், மாட்டுச் சந்தை மாதிரி' என்று எழுதாத ஆளில்லை. எங்கள் ஊரில் தீபத்தை ஒட்டி உண்மையிலேயே மாட்டுச் சந்தை கூடுகிறது. குதிரைகளும் வரும். இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு அப்புறம் ஒரு நாள் போய் நின்று பார்த்தேன். தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். விலை சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. விற்கிறவர் மாட்டைக் கொடுப்பார், கயிற்றைக் கொடுக்க மாட்டார். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். ஒரு பெரியவர் பழைய கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, மாடு போகிற திசையைப் பார்க்காமல் டீக்கடைப் பக்கம் நடந்தார். அவர் தன் மாட்டுக்கு 'பர்ஸ்', 'ஸ்லாட்', 'வேல்யூ' என்றெல்லாம் சொல்லவில்லை. ஐபிஎல் ஏலத்தை மாட்டுச் சந்தை என்பது சந்தைக்குச் செய்யும் அவமரியாதை என்று எனக்குப் பட்டது. நாமோ விற்கிறவனும் கிடையாது, வாங்குகிறவனும் கிடையாது. வேடிக்கை பார்க்க வந்து, தரகனின் பாஷையைக் கற்றுக்கொண்டு திரும்பினவர்கள்.

தீபம் மலையில் எரிந்து முடிந்த பிறகு, டிசம்பர் 16 அன்று சென்னை 43.40 கோடியோடு ஏலத்துக்குப் போனது. அதில் 28.40 கோடியை இரண்டே பேருக்குக் கொட்டியது. இந்தியாவுக்கு இன்னும் ஆடாத இரண்டு பையன்கள், பிரசாந்த் வீரும் கார்த்திக் சர்மாவும், ஆளுக்கு 14.20 கோடி. 2018இல் கிழவர் படை என்று கிண்டல் வாங்கிய அணி இது. பிரசாந்த் வீருக்கு இருபது வயது, அடிப்படை விலை 30 லட்சம். இடதுகை மட்டை, இடதுகைச் சுழல். யாருடைய அச்சு என்று சொல்ல வேண்டியதில்லை. இளைஞர்கள் பக்கம் திரும்பியது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன், விலை பயமாக இருந்தாலும். எனக்குப் பயம் பணத்தைப் பற்றி இல்லை. அந்தப் பையன் சேப்பாக்கத்தில் படியிறங்கி வரும்போது தோனி இன்னும் உள்ளே காத்திருந்தால் என்ன சத்தம் வரும், அதைப் பற்றித்தான்.

ஏலத்தன்று இரவு அக்கா பையன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். 14.20 என்றதும் கை தட்டினான். ஜெர்சி அவன் மேல் இருந்தது. அதை என்ன செய்வது என்று அவனே முடிவு பண்ணிவிட்டான் போல. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான்.

"மாமா, ராஜஸ்தான் மேட்ச் வந்தா ஜடேஜா அவுட் ஆவணும்னு வேண்டிக்கலாம்ல? இப்ப அது தப்பில்லியே?"

"எப்ப மேட்ச்னு தேதி வரட்டும்டா" என்றேன்.