கறுப்பாடைப் பாடகரும் தொலைக்காட்சித் திரையும்

வர்த்தக நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கிய நேரத்திலே மக்கள் கலைஞன் ஒருவன் எவ்வளவு உண்மையைப் பாடமுடியும்? அமெரிக்கக் 'கன்ட்ரி' இசைப் பாடகர் ஜோனி காஷ், 1969 யூன் முதல் 1971 மார்ச் வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் நடத்திய நிகழ்ச்சியை நோக்குமிடத்து இவ்வினா எழுகின்றது.

காஷ் ஆர்கன்சோ மாநிலத்துப் பருத்தி வயல்களிலே உழைத்து வளர்ந்தவர். தமது நிகழ்ச்சியை நாஷ்வில் நகரத்து றைமன் மண்டபத்தில் நடத்தினார். முதல் நாளே பொப் டிலனை மேடையேற்றினார். இடதுசாரிக் கருத்துகளுக்காகப் பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் நெடுங்காலம் ஒதுக்கிவைத்த பீட் சீகரை, நிலையத்தார் தயங்கியபோதும், 1970இல் அழைத்தார்.

எனினும் எம்மை மிகவும் கவர்ந்தது 1970 ஒக்ரோபரில் நிகழ்ந்த சந்திப்பே. 'கன்ட்ரி' இசையின் தந்தை எனப் போற்றப்படும் ஜிம்மி றொட்ஜேர்ஸ் 1930இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே பாடல் ஒன்றைப் பதிவு செய்தபோது, உடன் எக்காளம் வாசித்தவர் நீக்ரோ இசைமேதை லூயி ஆம்ஸ்ட்ரோங்; பியானோ வாசித்தவர் அவர் மனைவி லில். அவ்விசைத்தட்டில் இவர்கள் பெயர் பொறிக்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகளின் பின் காஷ் ஆம்ஸ்ட்ரோங்கைத் தம்மருகே இருத்தி, அச்செய்தியைச் சபையறியச் செய்து, அதே பாடலை அவருடன் இசைத்தார். வெள்ளையரின் தனிச்சொத்தென விற்கப்பட்ட இசைக்குக் கறுப்பு மக்களும் உரிமையாளர் என்பதை நிறுவ வேறு விளக்கவுரை வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு யூலையில் ஆம்ஸ்ட்ரோங் காலமானார்.

இதனால் காஷைப் புரட்சியாளராக்க நாம் முற்படவில்லை. தொழிலாளர், கைதிகள் ஆகியோரைப் பற்றி அவர் சொன்ன கதைகள் பெரும்பாலும் பழங்கால ஏக்கமாகவே கரைந்தன. துன்பத்துக்குக் காரணமானோர் அங்கே தலைகாட்டுவதில்லை. 1970இல் வெள்ளை மாளிகையிலே, அரச உதவி பெறும் ஏழைகளை எள்ளும் பாடலொன்றைப் பாடுமாறு நிக்ஸன் தரப்பினர் விரும்பியபோது அவர் பாடவில்லை. ஆயினும் அச்சபையிலே பாடத்தான் செய்தார்.

1969 பெப்ரவரியில் சான் குவென்டின் சிறையிலே பிரித்தானியாவின் கிரனடா தொலைக்காட்சி படம்பிடித்த கச்சேரியை இதனோடு ஒப்பிடுக. அச்சிறையை வெறுத்துரைக்கும் பாடலைக் கைதிகள் ஆரவாரித்து மீண்டும் கேட்க, காஷ் இருமுறை பாடினார். அங்கே கமெரா கைதிகளின் முகங்களைக் காட்டிற்று. நாஷ்வில் மண்டபத்தில் அத்தகைய முகங்கள் ஏது?

1971 பெப்ரவரியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவருடன் உரையாடியபின், தாம் கறுப்பாடை அணிவதன் காரணத்தைப் புதுப்பாடலாகப் பாடினார். வறியோர்க்காகவும் கைதிகளுக்காகவும் போரில் மடியும் இளைஞர்க்காகவும் என்றார். நகரத்து இளம் நுகர்வோரையே விளம்பரகாரர் நாடிய ஆண்டு அது. கிராமிய வாடை வீசிய நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. காஷின் இறுதி நிகழ்ச்சி மார்ச் 31ஆந் திகதி ஒளிபரப்பாயிற்று.