கிண்டி கோல்ஃப்: வேலிக்கு என்ன காரணம்?

சிவகாசிப் பக்கம் வந்தவர்கள் கவனித்திருக்கலாம். பட்டாசு ஆலை என்பது ஒரே பெரிய கட்டடம் இல்லை. கரிசல் காட்டில் சின்னச் சின்ன அறைகள், தள்ளித் தள்ளி நிற்கும். நடுவில் வெறும் நிலம். ஒரு அறையில் மருந்து பற்றினால் அடுத்ததுக்குத் தீ தாவக் கூடாது என்று சட்டமே கேட்கும் இடைவெளி அது. சுற்றி வேலி. "ஏன் உள்ள விட மாட்டேங்கிறீங்க?" என்று எங்க ஊரில் யாரும் சண்டை போடுவதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும்.

சென்னை கிண்டி நிலத்தைப் பற்றிய வாதங்களைப் படிக்கையில் நான் கேட்டுக்கொள்வதும் இதைத்தான்: அங்கே வேலிக்கு என்ன காரணம்? குதிரைப் பந்தயத்துக்காக 1946 முதல் 99 வருடக் குத்தகைக்குப் போன சுமார் 160 ஏக்கர். பந்தயப் பாதைக்கு நடுவில் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. பிறகு பூங்கா வரும் என்று அறிவித்தது. உடனே இரண்டு கட்சி. 'பணக்காரன் ஆட்டம், போகட்டும்' என்று ஒன்று. 'கிளப் இருந்ததால்தான் பச்சை மிஞ்சியது' என்று இன்னொன்று.

ரெண்டுமே பாதி வாதம். கிளப் வேறு, கோல்ஃப் வேறு. இந்தியாவில் இந்த ஆட்டம் 1829இல் கல்கத்தாவில் கிளப்பாகவே பிறந்ததால் நமக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. டெல்லி வளர்ச்சி ஆணையம் லாடோ சராயில் குதுப் கோல்ஃப் மைதானத்தைத் திறந்தது 2000இல். நாட்டின் முதல் பொது கோல்ஃப் மைதானம் அதுதான். உறுப்பினர் சிபாரிசு வேண்டாம். காசு கட்டினால் ஆடலாம். நடுவில் 171 வருடம்! அதுவரைக்கும் கிளப்புக்கு வெளியே இருந்தவன் உள்ளே போக ஒரே வழி, அடுத்தவர் பையைத் தூக்கும் கேடி வேலை. 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் அப்படி டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்து வந்தவர். திறமை வேலிக்கு வெளியேயும் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் கட்டணமும் ஒரு வேலிதான், கொஞ்சம் குட்டையான வேலி. பந்து பறக்கும் இடத்தில் கண்டவர்களை விட முடியாது என்பார்கள். நியாயமான காரணம். அதற்கும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பதில் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற ஓல்டு கோர்ஸ் அங்கே பொது நிலம். வெளியூர்க்காரரும் குலுக்கலில் பெயர் கொடுத்து ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர் ஜனம் நாயைப் பிடித்துக்கொண்டு அதே புல்லில் நடக்கிறது. பந்து இல்லாத நாளில் வேலிக்கும் வேலை இல்லை.

அப்போ விருதுநகரிலும் ஒரு பொது கோல்ஃப் மைதானம் கேட்கலாமா? வேண்டவே வேண்டாம். மானம் பார்த்த பூமியில் குடிதண்ணிக்கே குடம் வரிசையில் நிற்கும். புல்லுக்கு ஊற்ற எங்கே போவது? மைதானம் ஏற்கெனவே இருக்கிற ஊரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

கோல்ஃபை எடுத்துவிட்டால் நிலம் தானாகப் பொதுவாகிவிடும் என்று நம்புகிறவர்கள் கதீட்ரல் சாலைக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே அரசு மீட்ட நிலத்தில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தது. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். நாலு பேர் உள்ள குடும்பம் டிக்கெட்டுக்கு மட்டும் என்ன செலவழிக்கும், கூட்டிப் பாருங்கள். கிண்டியில் பூங்கா வரட்டும், நல்லதுதான். ஆனால் கிளப்பைக் கேட்ட கேள்வியைப் பூங்காவையும் கேட்க வேண்டும்: கையில் காசில்லாதவன் எந்தக் கிழமை, எந்த வாசல் வழியாக உள்ளே வருவான்?